சொரியாசிஸ் மாத்திரை கிட்னியைப் பாதிக்குமா? ரிப்போர்ட் ‘நார்மல்’ என்றாலும் பார்க்க வேண்டிய ஒரு கணக்கு

முழங்கையில் படை என்று தோல் மருத்துவரிடம் போனவருக்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘யூரியா, கிரியாட்டினின்’ என்று எழுதியிருந்தால் குழப்பம் வருவது இயல்புதான். ‘தோலுக்கு வைத்தியம் பார்க்க வந்தா கிட்னிக்கு எதுக்கு டெஸ்ட்?’ என்று கேட்கத் தோன்றும். நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த டெஸ்ட் சிகிச்சையின் ஒரு பகுதி. அதைத் தவறவிட்டால் மாத்திரை பாதி வைத்தியமாகத்தான் இருக்கும்.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறுபவர்கள் பலர். போய்வர ஒரு நாள் போய்விடும், அன்றைய கூலியும் போய்விடும். தோல் கொஞ்சம் தெளிந்ததும் அடுத்த விசிட் தள்ளிப்போகும். மாத்திரை மட்டும் பழைய சீட்டிலேயே தொடரும். இன்னொரு பக்கம், ‘அந்த மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரே நாளில் மொத்தமாக நிறுத்திவிடுபவர்களும் உண்டு.

இரண்டுமே தவறு. ஏன்?

சொரியாசிஸுக்கும் எதிர்ப்பாற்றலுக்கும் என்ன தொடர்பு?

சொரியாசிஸ் தொற்றுநோய் கிடையாது. தொட்டால் ஒட்டாது, ஒரே சோப்பில் குளித்தாலும் பரவாது. கிருமியோடு சண்டை போட வேண்டிய டி-செல்கள் எனப்படும் ரத்த வெள்ளை அணுக்கள் தேவையில்லாமல் தூண்டப்பட்டு, தோல் செல்களை அவசரப்படுத்துவதால் வருகிறது. சாதாரணமாக ஒரு தோல் செல் உருவாகி, மேலே வந்து, உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் இது சில நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. அதனால்தான் செதில் செதிலாக உதிர்கிறது. சித்த மருத்துவத்தில் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள்.

உலக சுகாதார சபை 2014-ல் நிறைவேற்றிய தீர்மானம் சொரியாசிஸை வலியும் உடல் முடக்கமும் தரக்கூடிய நாள்பட்ட நோயாக அங்கீகரித்தது. முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. கட்டுப்படுத்தலாம்.

படை கொஞ்சமாக இருந்தால் களிம்பு போதும். உடம்பு முழுக்கப் பரவினாலோ, மூட்டுகளைப் பிடித்தாலோ, தோல் மொத்தமும் சிவந்து உரிந்தாலோ, எதிர்ப்பாற்றலின் வேகத்தைக் குறைக்கும் மருந்துகள் தேவைப்படும். சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்சேட் இரண்டும் அதில் பழையவை, அதிகம் பயன்படுபவை. கிட்னி பற்றிய பேச்சு வரும்போது முதலில் பார்க்க வேண்டியது சைக்ளோஸ்போரின்.

மண்ணிலிருந்து வந்த மருந்து

நார்வே நாட்டின் ஹர்டாங்கர்விடா பீடபூமியில் எடுத்த மண்ணில் இருந்த ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்ததுதான் சைக்ளோஸ்போரின். ஸ்விட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவன விஞ்ஞானிகள் 1972-ல் அதன் எதிர்ப்பாற்றலை அடக்கும் தன்மையைக் கண்டறிந்தார்கள். மாற்று உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் காக்க இது உதவும் என்பதால், கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் 1978-ல் இதைச் சிறுநீரக மாற்று சிகிச்சை நோயாளிகளுக்குக் கொடுத்தார். புதிய கிட்னியைக் காப்பாற்றும் அதே மருந்து கிட்னியின் வேலையைக் குறைக்கவும் செய்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

மறு வருடம், 1979-ல், மூட்டுவலிக்காக இந்த மருந்து எடுத்த சொரியாசிஸ் நோயாளிகளுக்குத் தோலும் வேகமாகத் தெளிந்ததை மருத்துவர்கள் எழுதினார்கள். அமெரிக்காவில் சொரியாசிஸுக்கான அனுமதி 1997-ல் கிடைத்தது. ஆக, இதன் கிட்னி பக்கவிளைவு புதிதாகக் கிளம்பிய வதந்தி இல்லை. ஆரம்பத்திலிருந்தே தெரிந்த விஷயம். மருத்துவ வழிகாட்டுதல்கள் அதைக் கணக்கில் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

கிட்னிக்குள் என்ன நடக்கிறது?

கிட்னியை லட்சக்கணக்கான குட்டி வடிகட்டிகளின் தொகுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் கொண்டுவரும் சிறு குழாய் ஒன்று உண்டு. சைக்ளோஸ்போரின் அந்தக் குழாயைச் சுருக்குகிறது. வயலுக்கு வரும் மடையைப் பாதி அடைத்தது போல. உள்ளே வரும் ரத்தம் குறைந்தால் வடிகட்டும் வேலையும் குறையும், கழிவுகள் ரத்தத்தில் தேங்கும், ரத்த அழுத்தமும் ஏறும்.

இந்தக் கட்டத்தில் டோஸைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ குழாய் பெரும்பாலும் மறுபடி விரிந்துவிடும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் வடிகட்டிகளைச் சுற்றியுள்ள திசு நார்போல் தடித்து, நுண்குழல்கள் சுருங்கிவிடும். தழும்பான இடம் திரும்ப வேலைக்கு வராது.

இதில் சிக்கல், முதல் கட்டத்தில் நோயாளிக்கு எதுவுமே தெரியாது என்பது. வலி இருக்காது, சிறுநீரும் வழக்கம்போலப் போகும். கால் வீக்கம், மூச்சு வாங்குவது எல்லாம் ரொம்பத் தாமதமாக வரும் அறிகுறிகள். அதனால் ரத்தப் பரிசோதனையை விட்டால் முன்கூட்டியே கண்டுபிடிக்க வேறு வழி இல்லை.

எத்தனை பேருக்கு வருகிறது?

அமெரிக்காவில் இந்த மருந்தோடு வரும் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. சராசரியாக 23 மாதங்கள் சைக்ளோஸ்போரின் எடுத்த 86 சொரியாசிஸ் நோயாளிகளின் கிட்னியில் சிறு திசுத்துண்டு எடுத்துப் பார்த்தார்கள். 18 பேருக்கு, அதாவது 21 சதவீதத்தினருக்கு, மருந்தால் வந்த பாதிப்பு தெரிந்தது. இவர்களில் மருந்தைத் தொடர்ந்த 13 பேரிடம் சராசரியாக மேலும் 2 வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது, மொத்த எண்ணிக்கை 26 ஆனது. அதாவது 30 சதவீதம்.

இதைப் படித்துப் பதற வேண்டாம். அந்த 26 பேர் யார் என்று பார்த்தால்தான் படம் தெளிவாகும். 19 பேர் உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினம் 5 மி.கி அல்லது அதற்கு மேல் எடுத்தவர்கள். அமெரிக்கக் குறிப்பு அனுமதிக்கும் உச்ச அளவே 4 மி.கிதான். 18 பேர் 15 மாதங்களுக்கு மேல் மருந்தில் இருந்தவர்கள். 21 பேருக்கு, கிரியாட்டினின் கவலைப்படும் அளவுக்கு ஏறி ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே இருந்திருக்கிறது.

டோஸ் அதிகம், காலம் அதிகம், ஏறிய எண்ணைக் கண்டுகொள்ளாமல் விட்டது. பாதிப்பு பெரும்பாலும் இந்த மூன்றோடு சேர்ந்தே வந்திருக்கிறது. மூன்றையும் கட்டுப்படுத்த முடியும் என்பதால்தான் மருத்துவர்கள் இன்னும் இந்த மருந்தை எழுதுகிறார்கள்.

ரிப்போர்ட்டில் ‘நார்மல்’, ஆனால்...

இங்கேதான் படித்தவர்கள்கூட ஏமாறுகிறார்கள். கிரியாட்டினின் என்பது தசைகளிலிருந்து வரும் ஒரு கழிவு. கிட்னி அதை வெளியேற்ற வேண்டும். வெளியேற்றாவிட்டால் ரத்தத்தில் அளவு கூடும். ஆய்வகம் தரும் ரிப்போர்ட்டில் 0.6 முதல் 1.2 வரை என்பது போல ஒரு நார்மல் வரம்பு அச்சாகியிருக்கும். நம் எண் அதற்குள் இருந்தால் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுவோம்.

ஒரு உதாரணம் பார்ப்போம். மருந்து தொடங்கும் முன் ஒருவருக்கு கிரியாட்டினின் 0.7. மூன்று மாதம் கழித்து 1.0. இரண்டுமே வரம்புக்குள்தான். தடித்த எழுத்தோ நட்சத்திரக் குறியோ எதுவும் இருக்காது. ஆனால் 0.7-லிருந்து 1.0 என்பது 43 சதவீத ஏற்றம்!

சைக்ளோஸ்போரினுக்கான விதி ஆய்வக வரம்பைப் பார்ப்பதில்லை. நோயாளியின் சொந்த ஆரம்ப எண்ணைத்தான் பார்க்கிறது. அமெரிக்கக் குறிப்பின்படி, ஆரம்ப எண்ணைவிட 25 சதவீதம் கூடினால் 2 வாரத்துக்குள் மறுபடி பரிசோதிக்க வேண்டும். அப்போதும் இறங்கவில்லை என்றால் மருத்துவர் டோஸை 25 முதல் 50 சதவீதம் வரை குறைப்பார். எப்போதாவது ஒருமுறை 50 சதவீதம் கூடினாலே உடனே குறைக்க வேண்டும். இரண்டு முறை குறைத்தும் எண் பழைய நிலைக்கு அருகே வரவில்லை என்றால் மருந்தை நிறுத்த வேண்டியதுதான்.

மேலே சொன்ன நபருக்கு 25 சதவீத எல்லை 0.88-க்குப் பக்கத்தில். 1.0 என்பது அதைத் தாண்டிப் போய்விட்டது. ஆரம்ப எண் கையில் இல்லாமல் 1.0-ஐ மட்டும் பார்ப்பவருக்கு, அவர் மருத்துவராகவே இருந்தாலும், இது தெரிய வாய்ப்பில்லை. மெலிந்த உடம்புள்ளவர்கள், பெண்கள், வயதானவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தசை குறைவு என்பதால் அவர்களின் ஆரம்ப எண்ணே கீழே இருக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை டெஸ்ட்?

மருந்து தொடங்கும் முன் ரத்த அழுத்தமும் கிரியாட்டினினும் குறைந்தது இரண்டு முறை. முதல் 3 மாதங்கள் 2 வாரத்துக்கு ஒருமுறை. எண்கள் நிலையாக இருந்தால் அதன்பின் மாதம் ஒருமுறை. ஏற்கெனவே கிட்னி கோளாறோ, கட்டுப்படாத ரத்த அழுத்தமோ, புற்றுநோயோ இருப்பவர்களுக்கு சொரியாசிஸுக்காக இந்த மருந்தைத் தொடங்கவே கூடாது.

டோஸ் பொதுவாக ஒரு கிலோவுக்கு தினம் 2.5 மி.கியில் ஆரம்பிக்கும். 60 கிலோ எடை உள்ளவருக்கு 150 மி.கி. தொடர்ச்சியாக ஒரு வருடத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது அமெரிக்கா. ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் அதிகபட்சம் 2 வருடம் வரை போகின்றன. நடைமுறையில் சில மாதங்கள் கொடுத்து நோயை அடக்கிவிட்டு வேறு மருந்துக்கு மாற்றுவதுதான் வழக்கம்.

மருந்தை நிறுத்தியபின் பாதிப் பேருக்கு சுமார் 6 வாரத்திலும், முக்கால்வாசிப் பேருக்கு சுமார் 16 வாரத்திலும் படை திரும்பி வருகிறது. பழைய சீட்டைத் தேடி எடுக்கத் தோன்றுவது இந்த நேரத்தில்தான். ‘போன தடவை கேட்டுச்சே’ என்று தாங்களே மறுபடி ஆரம்பிக்கும்போது, யாரும் ஆரம்ப எண் எடுப்பதில்லை, யாரும் மொத்த மாதங்களைக் கூட்டிப் பார்ப்பதில்லை.

மெத்தோட்ரெக்சேட்டில் கதை வேறு

மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமையிலான லெடர்லி ஆய்வுக் குழு உருவாக்கிய மருந்து வரிசையில் வந்தது மெத்தோட்ரெக்சேட். அதே வரிசையின் மூத்த மருந்தான அமினோப்டெரின் சொரியாசிஸைக் குறைப்பதை 1951-லேயே பார்த்துவிட்டார்கள்.

சொரியாசிஸுக்குக் கொடுக்கும் குறைந்த டோஸில் மெத்தோட்ரெக்சேட் பொதுவாகக் கிட்னியைக் கெடுப்பதில்லை. ஆபத்து எதிர்த்திசையில் வருகிறது. இந்த மருந்து உடம்பிலிருந்து வெளியேறும் வழியே கிட்னிதான். கிட்னி ஏற்கெனவே தளர்ந்திருந்தால் மருந்து உள்ளேயே தேங்கி, வாய்ப்புண்ணில் ஆரம்பித்து ரத்த அணுக்கள் சரிவது வரை கொண்டுபோய்விடும். வாந்தி, பேதியால் உடம்பில் நீர் வற்றினாலும் இது நடக்கலாம். சிவகங்கை மாவட்ட வெயிலில் வயல் வேலையோ கட்டட வேலையோ செய்பவர்களுக்கு இது முக்கியம்.

இன்னொன்று, இது வாரம் ஒரு நாள் மட்டும் எடுக்க வேண்டிய மாத்திரை. தினமும் எடுத்து உயிருக்கே ஆபத்தான சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. சீட்டிலும் மாத்திரை அட்டையிலும் கிழமையின் பெயரைத் தமிழில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

அப்ரெமிலாஸ்ட் மாத்திரையும் கிட்னி மிகவும் பலவீனமாக இருப்பவர்களுக்குக் குறைந்த டோஸில் தர வேண்டியது. அடலிமுமாப், செகுகினுமாப் போன்ற பயாலஜிக் ஊசிகளில் சைக்ளோஸ்போரின் போல ரத்தக்குழாயைச் சுருக்கும் பிரச்சினை கிடையாது. காசநோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தொடங்க வேண்டும் என்பதும், விலையும்தான் அங்கே தடைகள்.

கூடச் சேர்ந்து கெடுப்பவை

சைக்ளோஸ்போரின் எடுக்கும்போது கிட்னிக்கு வரும் சிக்கலில் கூட்டாளிகளுக்கும் பங்கு உண்டு. முதல் கூட்டாளி வலி மாத்திரை. சொரியாசிஸ் மூட்டுகளையும் தாக்கும் என்பதால் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடுவது சகஜம். இவையும் கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை. மடையை இரண்டு பக்கமும் அடைப்பது போல ஆகிவிடும். மெத்தோட்ரெக்சேட்டோடும் இவற்றை மருத்துவரைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது.

அடுத்தது, பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் மாத்திரைகளும், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாடிக்குகளும். இவை சைக்ளோஸ்போரினை உடம்பு சிதைப்பதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். எடுப்பது அதே 150 மி.கிதான். உடம்புக்குள் இருப்பது அதைவிட அதிகமாக எடுத்தது போல இருக்கும். கிரேப்ஃப்ரூட் பழச்சாறும் இதையே செய்யும். அதன் நெருங்கிய சொந்தமான பம்பளிமாஸையும் தவிர்ப்பது நல்லது.

வற்றல், அப்பளம், ஊறுகாய், உப்புக்கண்டம் என்று செட்டிநாட்டுச் சாப்பாட்டில் உப்புக்குப் பஞ்சமில்லை. மருந்தே ரத்த அழுத்தத்தை ஏற்றும்போது இவற்றைக் குறைத்துக்கொள்வது கிட்னிக்கு நேரடி உதவி.

பயந்து நிறுத்திவிட்டால் பாதுகாப்பா?

இல்லை. இதற்குக் காரணங்கள் இரண்டு.

ஒன்று, கட்டுப்படாத சொரியாசிஸுக்கே கிட்னியோடு தொடர்பு இருக்கிறது. பிரிட்டனில் லட்சக்கணக்கானவர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2013-ல் பி.எம்.ஜே இதழில் வந்த ஆய்வில், தீவிர சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 1.9 மடங்காக இருந்தது. லேசான சொரியாசிஸில் இந்த வேறுபாடு தெரியவில்லை.

இரண்டு, நிறுத்தியவர்கள் அடுத்து எங்கே போகிறார்கள் என்பது. வேலூர் சி.எம்.சி மருத்துவர்கள் 2022-ல் ‘கிட்னி இன்டர்நேஷனல்’ இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்களில் பலர் பாதரசம் கலந்த நாட்டு மருந்து எடுத்திருந்தது அதில் தெரியவந்தது. கேரளாவின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை இதே குடும்பத்து நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு ஒரு குறிப்பிட்ட வகை பாதிப்பு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் தோலை வெளுப்பாக்கும் கிரீம் பூசியவர்கள். தோல் வழியாகப் போன பாதரசமும் கிட்னியைத் தொட்டிருக்கிறது.

சித்த மருத்துவம் முழுவதையும் சந்தேகிக்க இது காரணமாகாது. மேலே பூசும் வெட்பாலைத் தைலத்துக்கும், பாதரசம் சேர்ந்த உள்மருந்துக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. பட்டம் பெற்ற, பதிவு செய்த சித்த மருத்துவரிடம் போய், மருந்தின் பெயரைக் கேட்டு வாங்கினால் அந்த வித்தியாசம் தெரியும். பெயரோ லேபிளோ இல்லாத பொடியிலும் உருண்டையிலும் அது தெரியாது. ‘பக்கவிளைவே இல்லை’ என்று விற்கப்படுவதற்கு யாரும் கிரியாட்டினின் பார்க்கச் சொல்வதும் இல்லை.

சரி, என்னதான் செய்வது?

மருந்தை எழுதுவதற்குத்தான் ஸ்பெஷலிஸ்ட் தேவை. ரத்த அழுத்தம் பார்க்கவும் கிரியாட்டினின் எடுக்கவும் மதுரை வரை போக வேண்டியதில்லை. காரைக்குடியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. கிரியாட்டினின் மிகச் சாதாரண பரிசோதனை. ரிப்போர்ட்டை போனில் படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்பலாமா என்று முதல் விசிட்டிலேயே கேட்டுவைத்துக்கொண்டால் பாதிப் பயணம் மிச்சம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலுக்கே வருகிறது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்களை இப்படித் தேடிப்போய் ஞாபகப்படுத்தும் ஏற்பாடு வந்தால் பெரிய உதவி. அதுவரை அந்த வேலையை நோயாளியும் குடும்பமும்தான் செய்ய வேண்டும். வீட்டில் செய்ய வேண்டியவை இவ்வளவுதான்:

• மருந்து தொடங்கிய தேதி, தினசரி டோஸ், தொடங்கும் முன் இருந்த கிரியாட்டினின், ரத்த அழுத்தம் நான்கையும் ஒரே தாளில் எழுதி மாத்திரைப் பெட்டியில் ஒட்டுங்கள். போனிலும் ஒரு காப்பி இருக்கட்டும்.

• முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் பரிசோதனை எடுங்கள். ஒவ்வொரு புது எண்ணையும் ஆரம்ப எண்ணோடு ஒப்பிடுங்கள். ஆரம்ப எண்ணை 1.25-ஆல் பெருக்கினால் வருவதுதான் உங்கள் எல்லை. அதைத் தொட்டால் அடுத்த விசிட் வரை காத்திருக்க வேண்டாம்.

• காய்ச்சல், பல்வலி, முதுகுவலி என்று எதற்குப் போனாலும் அந்தத் தாளைக் காட்டுங்கள். வலி மாத்திரை வாங்கும்போது மருந்துக்கடையிலும் காட்டுங்கள்.

• நிறுத்திய மருந்தை நீங்களாகவே மறுபடி ஆரம்பிக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் மருந்தை நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம்.

• வெளியூரில், சிங்கப்பூரில், மலேசியாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவிடம் ‘மாத்திரை போட்டீங்களா’ என்று மட்டும் கேட்காமல், ‘கடைசியா கிரியாட்டினின் எப்போ எடுத்தீங்க, எவ்வளவு வந்துச்சு’ என்றும் கேட்கலாம். பதில் மூன்று மாதத்துக்கு முந்தைய தேதியாக இருந்தால், இந்த வாரமே ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்.